பெரிய காலிபர் ரிவால்வருக்கு வீட்டில் வார்க்கும் ஈயக் குண்டுகள்: தேர்வும் அளவும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பதில்கள் எந்தச் சூழலுக்குப் பொருந்தும்?

இவை அமெரிக்காவில் சட்டப்படி ரிவால்வர் வைத்திருந்து, தம் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் குண்டு வார்ப்பவர்களுக்கானவை. அங்கே சொந்தப் பயன்பாட்டுக்கு வார்ப்பதற்குக் கூட்டரசின் உற்பத்தி உரிமம் தேவையில்லை. விற்பனைக்காக வார்ப்பதற்குத் தேவை. மாநிலச் சட்டங்கள் வேறுபடுவதால் அவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதோடு, தோட்டாவின் பாகங்களும் அவற்றைச் செய்யும் கருவிகளும் அச்சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. ஆகவே இந்தியாவில் இருப்பவர்கள் இதைச் செய்முறையாகக் கொள்ளக் கூடாது.

வெடிமருந்தின் எடை எதையும் இங்கே தரவில்லை. அதை, நீங்கள் பயன்படுத்தும் அதே எடையும் வடிவமும் கொண்ட குண்டுக்கென அச்சிடப்பட்ட ஏற்று அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

.44 மேக்னம் என்றால் குண்டின் விட்டம் 0.44 அங்குலம்தானே?

இல்லை. .44 மேக்னம் என்னும் தோட்டா வகைக்கான குழலின் உள்விட்டம், குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டிய பள்ளங்களில் பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால், ஏறத்தாழ 0.429 அங்குலம். பழைய காலத் தோட்டாக்களில் குண்டின் வெளிவிட்டமும் பித்தளைக் கூட்டின் வெளிவிட்டமும் ஒன்றாக இருந்தபோது வந்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. 1907இல் வந்த .44 ஸ்பெஷலுக்கும், அதை நீட்டி 1955இல் வெளியிடப்பட்ட .44 மேக்னத்துக்கும் ஒரே விட்டமுள்ள குண்டுதான்.

1873இல் கோல்ட் நிறுவனத்தின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரோடு வந்த .45 கோல்ட்டில் சிக்கல் இன்னும் கூடுதல். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய குழல்கள் 0.454 அங்குலத்தை ஒட்டியும், பிந்தையவை 0.451 அல்லது 0.452 அங்குலமாகவும் இருப்பது வழக்கம். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பி வார்ப்பு அச்சு வாங்குவது ஏன் சரிப்படாது என்பதற்கு இதுவே போதும்.

அப்படியானால் எந்த அளவுக்குக் குண்டைப் பொருத்த வேண்டும்?

வார்ப்புக் குண்டைப் பற்றிய எல்லாக் கேள்விகளிலும் இதுவே தலையாயது. கைத்துப்பாக்கியைப் புதிதாகத் தொடுபவர்கள் குழலின் அளவையே முதலில் நினைக்கிறார்கள். ரிவால்வரில் குண்டு முதலில் கடப்பது குழலை அன்று. சுழல் உருளையின் ஒவ்வொரு அறைக்கும் முன்புறத்தில், தோட்டாக்கூடு முடியும் இடத்துக்கு அப்பால், ஒரு வழவழப்பான குறுகிய பகுதி உண்டு. ஆர்வலர்கள் அதை த்ரோட் என்கிறார்கள். இங்கே முன்வாய் என்று சொல்கிறேன். குண்டு அந்த முன்வாயைக் கடந்து, உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியைத் தாண்டி, குழலின் புனல் போன்ற தொடக்கத்தில் நுழைந்து, அதன் பிறகே பள்ளங்களைப் பற்றுகிறது.

குண்டு முன்வாயைவிடச் சிறியதாக இருந்தால், வெடித்த மருந்தின் சூடான வாயு குண்டின் பக்கவாட்டில் பீறிட்டு முன்னே ஓடுகிறது. அந்த ஓட்டம் ஈயத்தின் மேற்பரப்பை அரித்து, அரித்த ஈயத்தைக் குழலின் சுவரில் அப்புகிறது. முன்வாய் குழலைவிடச் சிறியதாக இருந்தாலோ, எவ்வளவு பெரிய குண்டை வைத்தாலும் முன்வாய் அதை நசுக்கிச் சிறிதாக்கியே குழலுக்குள் அனுப்புகிறது. கசிவு அங்கே நிகழ்கிறது. எனவே நல்ல ரிவால்வரில் முன்வாய் குழலின் பள்ள விட்டத்தைவிட 0.0005 முதல் 0.002 அங்குலம் வரை பெரிதாக இருக்கும். குண்டு முன்வாய்க்குச் சரியாக, விரலால் மெல்ல அழுத்தினால் வழுக்கிச் செல்லும் அளவில் இருக்கும். தானாக விழுந்தால் குண்டு சிறியது. மரச்சுத்தி தேவைப்பட்டால் பெரியது.

0.001 அங்குலம் என்பது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அவ்வளவு சிறிய வேறுபாடா குழலைப் பாழாக்கும் என்று ஐயம் எழுவது இயல்பு. ஆனால் ஆயிரக்கணக்கான பவுண்ட் அழுத்தத்திலுள்ள வாயுவுக்கு அந்தச் சந்து தாராளமான வழி.

இவற்றை வீட்டில் எப்படி அளப்பது?

0.0001 அங்குலம் வரை காட்டும் திருகு அளவி ஒன்று கட்டாயம் வேண்டும். வெர்னியர் அளவி, அது எண்களைத் திரையில் காட்டும் வகையாக இருந்தாலும், இந்த வேலைக்குப் போதாது. அதன் பிழையே நாம் தேடும் வேறுபாட்டின் அளவுக்கு இருக்கும்.

துப்பாக்கி வெறுமையாக உள்ளதை உறுதிசெய்து உருளையைக் கழற்றிக்கொள்ளுங்கள். குழலை அளக்க, அதைவிடச் சற்றே பருத்த, கலப்பில்லாத மெத்தென்ற ஈயத் துண்டு ஒன்றை எண்ணெய் தடவி, பித்தளைக் கோலால் மெதுவாகத் தட்டிக் குழலின் முழு நீளத்துக்கும் தள்ளுங்கள். வெளியே வரும் துண்டில் குழலின் பள்ளங்கள் மேடுகளாகப் பதிந்திருக்கும். எதிரெதிர் மேடுகளுக்கு இடையிலான விட்டமே பள்ள விட்டம். ஸ்மித் அண்ட் வெஸன் போன்ற ஐந்து பள்ளக் குழல்களில் பள்ளத்துக்கு எதிரே பள்ளம் வராது என்பதால் சாதாரணத் திருகு அளவி தவறான எண்ணைக் காட்டும். அதற்கு ஆங்கில வி வடிவத் தாங்கி கொண்ட அளவியைப் பயன்படுத்த வேண்டும். முன்வாய்களையும் இவ்வாறே அளக்கலாம் என்றாலும், 0.0005 அங்குலப் படிகளில் கிடைக்கும் உருண்டையான எஃகு அளவுத் தண்டுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்ப்பது எளிது, துல்லியமும் அதிகம்.

ஆறு அறைகளையும் அளந்து தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஆறும் ஒன்றுபோல இருக்கும் என்று எண்ணி ஒன்றை மட்டும் அளப்பவர்கள், பிறகு குறி சிதறுவதற்கான காரணத்தை வேறெங்கோ தேடுவார்கள்.

ஈயத் துண்டு குழலுக்குள் செல்லும்போது கையில் உணரும் எதிர்ப்பையும் கவனியுங்கள். குழல் சட்டத்தில் திருகப்பட்டிருக்கும் இடத்தில் திடீரென இறுக்கம் தென்பட்டால், திருகின் அழுத்தத்தால் அங்கே குழல் சற்றுச் சுருங்கியிருக்கிறது. அந்த இடத்தைக் கடக்கும் குண்டு நிரந்தரமாகச் சிறுத்துவிடும். மீதிக் குழலில் அது தளர்வாகவே ஓடும். குண்டை எப்படி மாற்றினாலும் இந்தக் குறை தீராது. குழலைத் தேய்த்துச் சமப்படுத்தும் வேலையைத் துப்பாக்கிப் பணியாளரிடம் ஒப்படைப்பதே முறை.

என் முன்வாய்கள் குழலைவிடச் சிறியவை. என்ன செய்யலாம்?

.45 கோல்ட் ரிவால்வர்களில் இது அரிதன்று. முன்வாய் 0.449 அல்லது 0.450, குழல் 0.452 என்ற கணக்கில் சில வந்துள்ளன. இதற்குக் குண்டின் பக்கம் தீர்வில்லை. ஆறு முன்வாய்களையும், நடுவில் வழிகாட்டித் தண்டு கொண்ட, துளையைச் சீராக விரிக்கும் ரீமர் என்னும் கருவியால் 0.4525 அங்குலம் போன்ற ஒரே அளவுக்குத் திறந்துவிட வேண்டும். பழக்கமுள்ள துப்பாக்கிப் பணியாளருக்கு இது சிறிய வேலை. துளையிடும் கருவியையோ உப்புத்தாளையோ கொண்டு வீட்டில் முயல்வது உருளையையே கெடுத்துவிடும்.

முன்வாய் மிகப் பெரிதாக இருந்தால்?

பழைய .45 கோல்ட்களில் முன்வாய் 0.455 அல்லது 0.456 ஆகவும், குழல் 0.452 ஆகவும் இருப்பதுண்டு. அப்போது முன்வாயை ஒட்டி 0.454 அல்லது 0.455 அளவில், மென்மையான கலவையில் வார்ப்பது நல்லது. மென்மையான ஈயம் குழலுக்குள் சீராகச் சுருங்கிக்கொள்ளும். ஆனால் அந்த அளவுக் குண்டு ஏற்றிய தோட்டா எல்லா அறைகளிலும் தடையின்றி நுழைகிறதா என்பதை, மருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றைச் செய்து முதலில் பார்க்க வேண்டும். கட்டைவிரலால் அமுக்கித் திணிக்க வேண்டிய தோட்டாவைச் சுடக் கூடாது.

குண்டு கடினமாக இருந்தால்தானே ஈயம் படியாது?

மிகப் பரவலான இந்த நம்பிக்கை பாதிதான் உண்மை. கலப்பற்ற ஈயத்தின் பிரினெல் கடினத்தன்மை எண் 5 அளவில் இருக்கும். இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் 10. பழைய கார்ச் சக்கர எடைக்கட்டிகள் 9 முதல் 12. தொண்ணூறு விழுக்காடு ஈயமும், ஐந்து வெள்ளீயமும், ஐந்து ஆன்டிமனியும் கொண்ட லைமன் இரண்டாம் எண் கலவை 15. அச்சகங்களில் எழுத்து வார்த்த லைனோடைப் கலவை 22.

அழுத்தத்துக்குத் தக்க கடினத்தைக் கணிக்க ஒரு கணக்கு புழக்கத்தில் உள்ளது: பிரினெல் எண்ணை 1422ஆல் பெருக்கினால், சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்ட் அழுத்தத்தில் குண்டின் அடிப்பகுதி விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும் என்பது தோராயமாகக் கிடைக்கும் என்பார்கள். .45 கோல்ட்டுக்கு அமெரிக்கத் தொழில்தரம் வகுத்த உச்ச அழுத்தம் 14,000. அதற்கு 10 என்ற எண் வருகிறது. அனுபவமும் அதையே சொல்கிறது. .44 மேக்னத்தின் உச்சமான 36,000க்கோ 25 என்று வருகிறது. லைனோடைப்கூட அதற்கு எட்டாது. நடைமுறையில் அளவு பொருந்திய 12 அல்லது 15 எண் கொண்ட குண்டுகள் .44 மேக்னத்தில் தூய்மையாக ஓடுவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். ஆகவே அந்தக் கணக்கைத் திசைகாட்டியாக மட்டும் கொள்வதே என் துணிபு.

மிதமான வேகத்தில் செல்லும் .45 கோல்ட்டுக்கு 20 எண் கொண்ட குண்டை வைப்பவர்களே அதிகம் துன்பப்படுகிறார்கள். அவ்வளவு கடினமான குண்டு குறைந்த அழுத்தத்தில் விரியாது; அளவில் சிறு குறை இருந்தாலும் வாயு கசிந்துகொண்டே இருக்கும். ஈயம் படிகிறதென்று இன்னும் கடினமாக்கினால் படிவு இன்னும் கூடும். அளவை முதலில் சரிசெய்யுங்கள். கலவையைப் பிறகு பாருங்கள்.

சக்கர எடைக்கட்டிகளை உருக்கலாமா?

உருக்கலாம், பொறுக்கி எடுத்த பிறகு. இன்று கிடைப்பவற்றில் பல துத்தநாகத்தாலும் எஃகாலும் ஆனவை. எஃகு மேலே மிதக்கும், அகற்றிவிடலாம். துத்தநாகம் கலந்தால் உருகல் கூழ்போலாகி அச்சை நிரப்பாது. ஈயம் 327 டிகிரி செல்சியஸிலும் துத்தநாகம் ஏறத்தாழ 420 டிகிரியிலும் உருகுவதால், முதல் உருக்கலின்போது வெப்பமானி வைத்து 370 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால், துத்தநாகக் கட்டிகள் உருகும் முன்பே அவற்றை வழித்தெடுத்துவிடலாம். கார் மின்கலத்தின் ஈயத்தை மட்டும் தொடவே கூடாது. அதிலுள்ள ஆர்சனிக், ஆன்டிமனி முதலியவற்றிலிருந்து உயிரைப் பறிக்கும் வாயுக்கள் உருவாகக்கூடும்.

எடைக்கட்டி ஈயத்தில் இரண்டு விழுக்காடு வெள்ளீயம் சேர்த்தால் அச்சின் மூலைகள் கூர்மையாக நிரம்பும். அதற்கு மேல் சேர்ப்பது பணவிரயம்.

எந்த வடிவம், எந்த எடை?

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் வாழ்ந்த துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத், .44 ஸ்பெஷலுக்காக வடிவமைத்த, தட்டையான மூக்கும் கூரான தோளும் கொண்ட குண்டு இன்றும் தலைசிறந்த தேர்வுகளில் ஒன்று. லைமன் நிறுவனம் அதை 429421 என்ற எண்ணுள்ள அச்சாக வெளியிட்டது. எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் விட்டத்தைக் குறிக்கின்றன. எடை ஏறத்தாழ 250 கிரெய்ன், அதாவது 16 கிராமுக்குச் சற்று மேல். .45 கோல்ட்டுக்கு 250 முதல் 255 கிரெய்ன் வரையிலான குண்டுகளே தொன்றுதொட்டு வருபவை. அதே தோட்டாவைச் சுடும், கைநெம்புகோலால் தோட்டா ஊட்டும் நீள்துப்பாக்கி ஒன்றையும் சேர்த்து வைத்திருப்பவருக்கு, தோள் இல்லாத தட்டை மூக்கு வடிவம் தடங்கலின்றி ஊட்டப்படும்.

ஒரே அச்சில் வார்த்தாலும் கலவைக்கேற்ப விட்டம் மாறும். ஆன்டிமனி மிகுந்த கலவை குறைவாகச் சுருங்குவதால் சற்றுப் பெரிய, ஆனால் எடை குறைந்த குண்டைத் தரும். மென்மையான கலவை சிறிய குண்டைத் தரும். அச்சு வாங்கும்போது எந்தக் கலவைக்கு அந்த அளவு என்று கேளுங்கள். உங்களுக்குத் தேவையானதைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் பெரிதாக வார்க்கும் அச்சே சரி. சிறிதாக வார்க்கும் அச்சைக் கொண்டு பிறகு எதுவும் செய்ய இயலாது.

அளவுப்படுத்தும் கருவியில் எவ்வளவு வரை குறைக்கலாம்?

0.003 அங்குலத்துக்கு மேல் குறைப்பது நல்லதன்று. குண்டைச் சுற்றி மசகு நிரப்புவதற்கான பள்ளங்கள் நசுங்கும், குண்டு ஒருபக்கமாகச் சாயவும் கூடும். மூக்கு முன்னே செல்லும்படி நேராகத் தள்ளும் லீ வகைக் கருவி விலை குறைந்தது, குண்டைக் கோணாமல் வைப்பது. லைமன், ஆர்சிபிஎஸ் நிறுவனங்களின் கருவிகள் அளவுப்படுத்துவதோடு மசகையும் பள்ளத்தில் நிரப்பித் தருகின்றன. அச்சிலிருந்து தண்ணீரில் வீழ்த்திக் கடினமாக்கிய குண்டுகள் நாட்கள் செல்லச்செல்ல மேலும் இறுகுவதால், வார்த்த ஓரிரு நாளிலேயே அளவுப்படுத்திவிட வேண்டும். வார்த்த குண்டு அச்சிலிருந்தே சரியான விட்டத்தில் உருண்டையாக வந்தால் அளவுப்படுத்தவே தேவையில்லை.

வார்த்தவற்றில் எவற்றை ஒதுக்குவது?

அடிப்பகுதியின் விளிம்பைப் பாருங்கள். குழலை விட்டு வெளியேறும் கணத்தில் குண்டைத் தள்ளும் வாயு அந்த விளிம்பின் வழியாகத்தான் பிரிகிறது. ஒரு பக்கம் மழுங்கியிருந்தால் குண்டு சாயும். மூக்கில் சிறு குழி இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், அடி மழுங்கியதை மறுபடி பானையில் போட்டுவிடுங்கள். மேனியில் சுருக்கங்கள் இருந்தால் அச்சு குளிர்ந்திருக்கிறது அல்லது எண்ணெய் ஒட்டியிருக்கிறது. வெண்பனி பூத்தது போன்ற மேற்பரப்பு அச்சு சற்று மிகையாகச் சூடாகியிருப்பதன் அடையாளம், அதனால் தீங்கில்லை.

அடியில் செம்பு மூடி தேவையா?

கேஸ் செக் எனப்படும் அந்தச் சிறு மூடி, அதற்கென அடி குறுக்கப்பட்ட குண்டில் மட்டுமே பொருந்தும். .45 கோல்ட்டுக்குத் தேவையில்லை. முழு ஆற்றல் .44 மேக்னத்தில் அது உதவும், கட்டாயமில்லை.

மசகா, தூள்பூச்சா?

தேன்மெழுகும் ஆலாக்ஸ் என்னும் மசகுப் பொருளும் சரிபாதியாகக் கலந்த மசகு நெடுங்காலமாகக் குறையின்றிப் பயன்பட்டு வருகிறது. வண்ணத் தூளைப் பூசி, 200 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம் அடுப்பில் வாட்டும் முறை அண்மைக்காலத்தது. புகை குறைவு, கையில் ஈயம் ஒட்டுவதும் குறைவு. பூச்சு விட்டத்தில் 0.001 முதல் 0.002 அங்குலம் வரை கூட்டும் என்பதால் பூசிய பிறகே அளவுப்படுத்த வேண்டும். அந்த வெப்பத்தில் மெல்ல ஆறினால், தண்ணீரில் வீழ்த்திப் பெற்ற கடினம் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இதற்கு வாங்கிய அடுப்பில் பின்னர் உணவு சமைக்கவே கூடாது.

சரியான அளவில் வார்த்தும் ஈயம் படிகிறது. எங்கே தேடுவது?

படிவு இருக்கும் இடத்தைப் பாருங்கள். உருளையை ஒட்டிய குழல் தொடக்கத்தில் இருந்தால் குண்டு சிறியது அல்லது வாயு கசிகிறது. குழல் முனையில் மட்டும் இருந்தால் மசகு வழியிலேயே தீர்ந்துவிட்டது.

முதல் வகையில் பலரும் பார்க்கத் தவறும் ஒரு காரணம் பித்தளைக் கூடுதான். பெரும்பாலான ஏற்றுக் கருவிகளின் விரிப்புத் தண்டு, செம்புறை பூண்ட, சற்றுச் சிறிய, கடினமான குண்டுகளுக்கென அமைந்தது. அதனால் போதுமான அளவு விரியாத கூட்டுக்குள் மென்மையான 0.452 குண்டை இறுக்கி அமர்த்தும்போது, கூடு குண்டை நசுக்கி 0.450 ஆக்கிவிடுகிறது. வாயை இறுக்கும் கடைசிக் கட்டத்தில் தோட்டா முழுவதையும் ஒரு வளையத்துக்குள் அழுத்தும் கருவிகளும் இதையே செய்கின்றன. மருந்தும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றைச் செய்து, குண்டைப் பிடுங்கியெடுத்து மீண்டும் அளந்தால் உண்மை தெரிந்துவிடும். வார்ப்புக் குண்டுக்கென்று விற்கும், 0.002 அங்குலம் பருத்த விரிப்புத் தண்டு இந்தக் குறையை அடியோடு போக்கும்.

படிந்த ஈயத்தை எப்படி அகற்றுவது?

தூய செம்பு இழைகளைப் பழைய தூரிகையில் சுற்றித் தேய்த்தால் உதிர்ந்துவிடும். இழை செம்புதானா என்பதைக் காந்தத்தால் சோதியுங்கள். செம்புமுலாம் பூசிய எஃகு குழலைக் கீறும். வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் கலந்து ஊற்றும் முறையைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அது ஈயத்தை லெட் அசிடேட் என்னும் கரையும் நஞ்சாக மாற்றுகிறது, எஃகையும் அரிக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். வார்க்கலாமா?

வீட்டுக்குள் வேண்டாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்துக்கான எச்சரிக்கை அளவை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. அந்த அளவுக்குக் கீழே பாதுகாப்பு என்று அதற்குப் பொருளில்லை. வார்க்கும் வெப்பத்தில் ஈய ஆவி மிகக் குறைவு. பெரிய ஆபத்து, வழித்தெடுத்த கசடின் தூளிலும், கையிலும் உடையிலும் செருப்பிலும் ஒட்டி வீட்டுக்குள் வரும் துகளிலும் உள்ளது. காற்றோட்டமான திறந்த கொட்டகை, தனி உடை, தனிச் செருப்பு, வேலையின்போது எதையும் உண்ணாமலும் புகைக்காமலும் இருப்பது, கசடை மூடியுள்ள டப்பாவில் வைப்பது, முடித்ததும் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கழுவுவது ஆகிய இவற்றில் எதையும் தளர்த்தக் கூடாது. கருவுற்றவர்கள் அந்த இடத்துக்கே வரக் கூடாது. தொடர்ந்து வார்ப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு துளி நீர் சிக்கினாலும் அது நொடியில் நீராவியாகிப் பானையின் ஈயம் முழுவதையும் முகத்தில் தெறிக்கச் செய்யும். முகக்கவசமும் தோல் கையுறையும் அணியுங்கள். ஈரமான கட்டியை உருகலில் போடாதீர்கள். தண்ணீரில் குண்டு வீழ்த்துபவர்கள் வாளியைப் பானையிலிருந்து எட்டி வையுங்கள். வியர்வை சொட்டும் வெயிலிலும், மழைத் தூறலிலும் வார்க்காதீர்கள்.

இந்தக் குண்டுகளை வேட்டைக்குப் பயன்படுத்தலாமா?

மாநிலத்தைப் பொறுத்தது. கலிபோர்னியாவில் 2013இல் இயற்றிய சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்து, 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயத் தோட்டாக்களை முற்றிலும் தடுத்துள்ளது. ஈயம் பாய்ந்து கிடக்கும் விலங்குகளின் எச்சங்களைத் தின்று கலிபோர்னியக் காண்டார் கழுகுகள் மடிந்ததே அதற்குப் பெருங்காரணம். அந்தத் தடையை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அங்கே வார்ப்புக் குண்டுகள் இலக்குப் பயிற்சிக்கு மட்டும்தான். அதற்கும், ஈயம் அனுமதிக்கப்பட்ட, மண்மேட்டில் பாய்ந்த குண்டுகளைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் சுடுதளத்தைத் தேர்ந்தெடுங்கள்.